தொடர்கள் நம் ஊருக்கு வந்த நாள்: வட ஆர்க்காட்டு வீடுகளுக்கான தொலைக்காட்சிக் காலவரிசை தயாரிக்கும் முறை

பழைய தொலைக்காட்சித் தொடர்களுக்குக் காலவரிசைப் பட்டியல் ஒன்று தயாரிக்க விரும்புகிறவர், எந்த நாளைத் தொடக்க நாள் என்று கொள்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரு தொடர் நிலையத்திலிருந்து முதன்முதலாக ஒளிபரப்பான நாள் ஒன்று. அது வேலூரிலோ ஆற்காட்டிலோ குடியாத்தத்திலோ ஒரு வீட்டுத் திரையில் முதன்முதலாகத் தெரிந்த நாள் மற்றொன்று. சென்னைவாசிகளுக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே நாளாக இருக்கலாம். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அவற்றுக்கிடையே சில ஊர்களில் மாதங்களும் சில ஊர்களில் ஆண்டுகளும் இடைவெளி இருந்தது. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் தொடங்கியது என்பது உறுதியான செய்தி. ஆனால் அன்று மாலை வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊரின் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதைப் பார்த்தவர் இருந்தாரா என்பது, கேபிள் கம்பி அந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே பட்டியலில் தொடக்கத்திலேயே இரண்டு கட்டங்கள் போட்டுவிட வேண்டும்: ஒன்று ஒளிபரப்பான நாள், மற்றொன்று ஊருக்கு எட்டிய நாள். முதலாவதைத் தேடி எடுக்கப் பலர் இருக்கிறார்கள். இரண்டாவதை அந்த ஊர்க்காரரைத் தவிர வேறு எவரும் எழுதிவைக்கப் போவதில்லை.

எந்த அலை எந்த ஊருக்கு எட்டியது

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. வேலூர் அங்கிருந்து சாலைவழியில் ஏறத்தாழ 135 கிலோமீட்டர். நகரைச் சுற்றிலும் மலைகள். எனவே தொடக்க ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்ததா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், மொட்டை மாடியில் எத்தனை உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினார்கள், பூஸ்டர் வைத்திருந்தார்களா, வீடு மலையின் எந்தப் பக்கம் இருந்தது என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அரக்கோணத்தில் தெரிந்த நிகழ்ச்சி வாணியம்பாடியிலும் தெரிந்திருக்கும் என்று கருதிக்கொண்டு எழுதினால் பட்டியல் முதல் பக்கத்திலேயே பிழைபட்டுவிடும்.

1982 ஆகஸ்ட் 15 முதல் தில்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சி நாடெங்கும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பும் அந்த ஆண்டில்தான் வந்தது. 1983 ஆகஸ்டில் விண்ணில் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோளின் துணையோடு 1984-ல் சிறு நகரங்களிலெல்லாம் குறைந்த திறன் ஒளிபரப்பிகள் வேகவேகமாக நிறுவப்பட்டன. இவை பெரும்பாலும் 100 வாட் திறனுடையவை. சுற்றுவட்டாரத்தில் சில பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே தெளிவாகத் தெரியும். பட்டியல் தயாரிப்பவர் இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அந்த ஒளிபரப்பிகள் தொடக்கத்தில் செயற்கைக்கோள் வழியாகத் தில்லி நிகழ்ச்சியை வாங்கி மறு ஒளிபரப்புச் செய்தன. சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் அவற்றில் வருவதற்குப் பின்னும் சில காலம் ஆயிற்று. இதனால், அத்தகைய ஒளிபரப்பியை மட்டும் நம்பியிருந்த வீட்டில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் பளிச்சென்று தெரிந்திருக்கும். அதே வாரத்தில் சென்னை நிலையம் ஒளிபரப்பிய தமிழ் நாடகம் தெரிந்திருக்காது. உயரமான ஆன்டெனா கட்டிச் சென்னையைப் பிடித்த வீட்டில் இரண்டுமே தெரிந்திருக்கும், புள்ளிபுள்ளியாகத்தான் என்றாலும். ஒரே தெருவில் இருந்த இரண்டு குடும்பங்களின் நினைவுகள் முரண்படும்போது, அவற்றில் ஒன்று பொய் என்று ஒதுக்குவதற்கு முன் இதை விசாரிக்க வேண்டும்.

வீட்டிலேயே சில சான்றுகள் கிடைக்கும். 1980-களின் நடுப்பகுதி வரை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அந்த லைசென்ஸ் புத்தகம் பீரோவின் அடித்தட்டில் பத்திரக் கட்டுகளோடு கிடக்கிறதா என்று பார்க்கலாம். அதிலுள்ள அஞ்சல் முத்திரையே, பெட்டி எந்த ஆண்டில் வீட்டுக்கு வந்தது என்பதற்குப் போதுமான ஆதாரம். சாலிடேர், டயனோரா போன்ற பெட்டிகளோடு வந்த வாரண்டி அட்டையும் கடை ரசீதும் அதே வேலையைச் செய்யும். கேபிள் காலத்துக்கு, கேபிள்காரர் மாதாமாதம் கையெழுத்திட்டுக் கொடுத்த சந்தா அட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். கிராமங்களைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு தேதிகள் முக்கியமானவை: தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது, அரசு கேபிள் நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து நாடகம் பார்த்தவர்கள் சொந்த வீட்டில் பார்க்கத் தொடங்கிய காலம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சார்ந்தே இருக்கும்.

உறுதியான தேதிகளை முதலில் நிறுத்துங்கள்

எல்லாத் தொடர்களையும் ஒரே மூச்சில் தேடப் புகுவது வீண் வேலை. ஐயமற்ற தேதியுடைய சில தொடர்களை வரிசையில் நிறுத்திவிட்டால் மற்றவற்றை அவற்றுக்கு முன்னும் பின்னுமாக எளிதில் பொருத்தலாம். தூர்தர்ஷன் காலத்துக்கு மூன்று போதும்: 'ஹம் லோக்' 1984 ஜூலை 7-ல் தொடங்கியது, ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25-லும், பி.ஆர். சோப்ராவின் 'மஹாபாரத்' 1988 அக்டோபர் 2-லும் தொடங்கின. தனியார் தொலைக்காட்சிகளின் காலத்துக்கு, 'சித்தி' 1999 டிசம்பர் 20, 'மெட்டி ஒலி' 2002 ஏப்ரல் 8, 'கோலங்கள்' 2003 நவம்பர் 24, 'நாதஸ்வரம்' 2010 ஏப்ரல் 19, 'சரவணன் மீனாட்சி' 2011 நவம்பர் 7, 'சந்திரலேகா' 2014 அக்டோபர் 6, 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2018 அக்டோபர் 1, 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரி 7 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தேதிகளை நாள்காட்டியோடு ஒப்பிட்டால் ஓர் ஒழுங்கு புலப்படும். ராமாயணமும் மகாபாரதமும் தொடங்கியவை ஞாயிற்றுக்கிழமைகள். 'சித்தி' முதல் 'எதிர்நீச்சல்' வரை மேலே சொன்ன நாள்தோறும் வரும் தொடர்கள் அனைத்தும் திங்கட்கிழமையில் தொடங்கியவை. எனவே யாராவது ஒரு நாள்தோறும் வரும் தொடருக்குத் தொடக்க நாள் என்று ஒரு தேதியைத் தந்தால், அது என்ன கிழமை என்று பார்ப்பதே முதல் சோதனை. வியாழனிலோ சனியிலோ விழுந்தால் அந்தத் தேதி தவறு என்று உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. பண்டிகையை ஒட்டித் தொடங்கிய தொடர்களும் இருக்கக்கூடும். ஆனால் இன்னொரு சான்று கிடைக்கும்வரை அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்.

பகுதிகளின் எண்ணிக்கையை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

தொடர் முடிந்த நாளும் மொத்தப் பகுதிகளின் எண்ணிக்கையும் தெரிந்து, தொடங்கிய நாள் மட்டும் தெரியாமல் இருப்பது அடிக்கடி நேரும். அப்போது கணக்கு உதவும். 'கோலங்கள்' தொடரையே எடுத்துக்கொள்வோம். அது 2003 நவம்பர் 24 திங்கட்கிழமை தொடங்கி 2009 டிசம்பர் 4 வெள்ளிக்கிழமை முடிந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை வாரத்துக்கு ஐந்து பகுதிகள். இடையில் உள்ளவை முழுமையாக 315 வாரங்கள். ஒரு நாள்கூட விடுபடாமல் ஒளிபரப்பாகியிருந்தால் 1575 பகுதிகள் வந்திருக்க வேண்டும். வந்தவை 1533. வித்தியாசம் 42, ஆறு ஆண்டுகளுக்கு 42 என்றால் ஆண்டுக்கு ஏழு நாள். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி என்று சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு வழிவிட்ட நாள்களை எண்ணிப் பார்த்தால் இந்த ஏழு மிகவும் இயல்பான எண்.

இதே காலத்தைச் சேர்ந்த, இதே நேர அமைப்பில் வந்த வேறொரு தொடருக்கு இந்த அளவைப் பயன்படுத்தலாம். மொத்தப் பகுதிகளோடு ஆண்டுக்கு ஏழு வீதம் கூட்டி, ஐந்தால் வகுத்து வாரங்களாக்கி, முடிந்த நாளிலிருந்து பின்னோக்கிச் சென்றால் கிடைக்கும் தேதிக்கு அருகிலுள்ள திங்கட்கிழமைகளில் ஒன்றுதான் தொடங்கிய நாள். இது முடிவான தேதியைத் தராது. நூலகத்தில் ஓராண்டுத் தாள்களைப் புரட்டுவதற்குப் பதிலாக ஒரு மாதத் தாள்களைப் புரட்டினால் போதும் என்ற அளவுக்குத் தேடலைச் சுருக்கித் தரும். பிற்காலத்தில் சில தொடர்கள் சனிக்கிழமையும் சேர்த்து வாரத்துக்கு ஆறு நாள் வந்தன. அவற்றுக்கு ஆறால் வகுக்க வேண்டும். நடுவில் ஐந்திலிருந்து ஆறுக்கு மாறிய தொடராக இருந்தால் இந்த வழி பயன்படாது, விட்டுவிடுங்கள்.

வாரத் தொடர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. 'ராமாயண்' 1987 ஜனவரி 25-ல் தொடங்கி 1988 ஜூலை 31-ல் முடிந்தது; இரண்டு நாள்களையும் சேர்த்தால் 80 ஞாயிற்றுக்கிழமைகள். ஒளிபரப்பானவை 78 பகுதிகள். ஆக, ஒன்றரை ஆண்டில் இரண்டே ஞாயிறுகள்தாம் கணக்கில் குறைகின்றன.

பெரியவர்களிடம் கேட்கும் விதம்

நினைவிலிருந்து தேதி வாங்குவது பொறுமை வேண்டும் வேலை. "எந்த வருஷம்?" என்று நேராகக் கேட்டால், சொல்ல வேண்டுமே என்பதற்காக ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள், பிறகு அதையே உறுதியாகப் பிடித்துக்கொள்வார்கள். "ஆயா, சித்தி நாடகம் ஓடனப்ப நம்ம வூட்ல கேபிள் இருந்துச்சா, இல்ல அத்தை வூட்ல போய்ப் பாத்தோமா?" என்று கேட்டால் வேறு வகையான பதில் வரும்: யார் வீடு, யார் கூட வந்தார்கள், அப்போது யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, யார் பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது மதிப்பெண் சான்றிதழில் ஆண்டு அச்சாகியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் தேதியே இருக்கிறது. நாம் தேடும் விடை அங்கிருந்துதான் வர வேண்டும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் பெண்கள் இந்த வகையில் அருமையான சாட்சிகள். மடியில் முறம், அதில் இலையும் தூளும், கை தானாகச் சுற்றிக்கொண்டிருக்கக் கண்ணும் காதும் திரையில் இருந்த மாலைகள் அவை. எத்தனை கட்டு முடித்த நேரத்தில் எந்த நாடகத்தின் தலைப்புப் பாடல் வரும் என்பதைக் கொண்டே அவர்கள் ஒளிபரப்பு நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒரு தொடர் ஒன்பது மணியிலிருந்து வேறு நேரத்துக்கு மாற்றப்பட்டது போன்ற, எந்தக் குறிப்பிலும் எளிதில் கிடைக்காத செய்தி இப்படித்தான் கிடைக்கும். அதைத் தனியே குறித்துவைத்துப் பிறகு செய்தித்தாளில் சரிபார்க்கலாம்.

ஊரறிந்த நிகழ்ச்சிகளின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மீண்டும் லிங்கம் வைக்கப்பட்டது 1981 மார்ச் 16. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. அப்போது ராமாயணம் ஓடிக்கொண்டிருந்தது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே 21. கோட்டைக்குள்ளிருந்து ஈழப் போராளிகள் சுரங்கம் தோண்டித் தப்பியது 1995 ஆகஸ்ட். ஸ்ரீபுரம் பொற்கோயில் குடமுழுக்கு 2007 ஆகஸ்ட் 24. வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது 2019 நவம்பர் 28. இவற்றில் ஒன்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் சொல்வார்கள். மாதத்தைக் கண்டறிய ஊர்த் திருவிழாக்கள் துணைசெய்யும்: குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு என்றால் வைகாசி முதல் நாள், பாலாற்றங்கரை மயானக் கொள்ளை என்றால் மாசி அமாவாசை.

தொடரின் பெயரைக் கேட்டுக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. "ராதிகா நாடகம்" என்று ஒருவர் சொன்னால் அது 'சித்தி'யாகவும் இருக்கலாம். 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாகவும் இருக்கலாம். கதையில் ஒரு திருப்பத்தையோ தலைப்புப் பாடலின் ஒரு வரியையோ சொல்லச் செய்த பிறகே பட்டியலில் ஏற்ற வேண்டும்.

செய்தித்தாளில் தேடுதல்

ஒளிபரப்பான நாளுக்கு நம்பத்தகுந்த ஆதாரம், அந்த நாளின் நாளிதழே. தினசரி நிகழ்ச்சி நிரலை நாளிதழ்கள் வெளியிட்டன. புதிய தொடர் தொடங்கும் நாளன்று "இன்று முதல்" என்ற விளம்பரமும் வருவது வழக்கம். "விரைவில்" என்று போட்ட விளம்பரத்தைக் கண்டு தேதி குறித்துவிடக் கூடாது, ஏனெனில் அறிவித்த நாள் தள்ளிப்போவது இந்தத் துறையில் வழக்கமான செய்தி. மறுநாள் இதழின் நிரலிலும் அதே பெயர் அதே நேரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஐயம் தீரும்.

வேலூரில் மாவட்ட மைய நூலகத்தில் முதலில் விசாரிக்கலாம். எந்த ஆண்டுத் தாள்கள் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின் தேடத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். அங்கே இல்லாதவற்றுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம் இருக்கிறது; நாட்டில் அச்சாகும் வெளியீடுகளுக்கான வைப்பு நூலகங்களில் அதுவும் ஒன்று. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இதழ்களுக்குப் பெயர்பெற்றது. காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால், மேலே சொன்ன கணக்கையும் நேர்காணலையும் முடித்து, எந்தத் தொடருக்கு எந்த மாதத்துத் தாள் வேண்டும் என்று குறிப்பெழுதிக்கொண்டு புறப்படுங்கள். வாங்கிய கட்டில் திங்கட்கிழமை இதழ்களை மட்டும் முதலில் பாருங்கள். பழைய தாள் மடிப்பில் ஒடியும்; இரு கைகளாலும் பிடித்துத் திருப்ப வேண்டும். படமெடுக்க அனுமதி உண்டா என்பதை ஊழியரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்தால், இதழின் பெயரும் தேதியும் உள்ள மேல்பகுதியையும் சேர்த்து எடுங்கள்.

வார இதழ்களையும் விட்டுவிடக் கூடாது. 'கோலங்கள்' தொடரைத் தயாரித்தது விகடன் டெலிவிஸ்டாஸ். ஆகவே அந்த மாதங்களின் ஆனந்த விகடன் இதழ்களைப் புரட்டிப் பார்ப்பது பயன் தரக்கூடும்.

வட ஆர்க்காடு மாவட்டம் 1989 செப்டம்பரில் இரண்டாகப் பிரிந்தது. அதற்கு முன் திருவண்ணாமலை, போளூர், ஆரணி, செய்யாறு எல்லாம் இதே மாவட்டத்தில் இருந்தவை. ஊர்ப் பெயரோடு மாவட்டப் பெயரை எழுதும்போது அந்தத் தேதியில் இருந்த பெயரையே எழுதுங்கள்.

ஏமாற்றும் தேதிகள்

இணையத்தில் காணொளி பதிவேற்றப்பட்ட நாளை ஒளிபரப்பு நாளாக எடுத்துக்கொள்வது பரவலாக நடக்கும் பிழை. இருபது ஆண்டுப் பழைய தொடரைச் சென்ற ஆண்டு ஏற்றியிருப்பார்கள். அடுத்தது மறு ஒளிபரப்பு. 2020 பொது முடக்கத்தின்போது படப்பிடிப்புகள் நின்றதால் பழைய தொடர்கள் மீண்டும் வந்தன. 'ராமாயண்' மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் மறுபடி ஒளிபரப்பாயிற்று, 'மெட்டி ஒலி'யும் அக்காலத்தில் மீண்டும் வந்தது. இன்றைய இளைஞர்கள் சிலருக்கு அவைதாம் முதல் பார்வை. அதைக் குடும்பப் பட்டியலில் குறிப்பதில் தவறில்லை, தனிக் கட்டத்தில் குறிக்க வேண்டும்.

பெயரொற்றுமை இன்னொரு பொறி. மகாபாரதம் என்று சொன்னவர் 1988-ன் இந்தித் தொடரைச் சொல்கிறாரா, 2013-ல் விஜய் தொலைக்காட்சியில் தமிழில் குரல்மாற்றம் செய்து வந்ததைச் சொல்கிறாரா என்று கேட்க வேண்டும். 'சித்தி'க்கு 2020 ஜனவரி 27-ல் தொடங்கிய இரண்டாம் பாகமும் உண்டு. மொழிமாற்றத் தொடர்களுக்கு மூலமொழியில் வந்த நாள், தமிழில் வந்த நாள் இரண்டையும் எழுதுங்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

பதிவேட்டில் ஏற்றுதல்

ஒவ்வொரு தொடருக்கும் ஒரு வரி போதாது, அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தொடரின் பெயர், தொலைக்காட்சி, ஒளிபரப்பான நாளும் கிழமையும் நேரமும், அதற்கான ஆதாரம். அதன்கீழ் ஊருக்கு எட்டிய நாள், எந்த வழியாக எட்டியது (ஆன்டெனா, கேபிள், டிஷ்), யார் வீட்டில் பார்த்தார்கள், அதைச் சொன்னவர் உங்களுக்கு என்ன உறவு, அவர் எதை வைத்துச் சொன்னார். ஆதாரத்தின் தரத்தைக் காட்ட மூன்று குறிகள் போதும்: அச்சில் கண்டது, கணக்கிட்டது, நினைவில் சொன்னது. நினைவில் சொன்னதற்கு நாள் வரை போக வேண்டாம். "2002 கோடை, மகளின் பத்தாவது பரீட்சை முடிந்த பின்" என்று அவர் சொன்ன அளவிலேயே எழுதுங்கள்.

அச்சுச் சான்றும் நினைவும் முரண்பட்டால், ஒளிபரப்பு நாளுக்கு அச்சையே ஏற்க வேண்டும். ஊருக்கு எட்டிய நாளுக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே சந்தா அட்டையும் உரிமப் புத்தகமும் கிடைக்காவிட்டால், ஒருவருக்கொருவர் கலந்து பேசாத இருவரின் சாட்சியம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாதபோது இரண்டையும் சொன்னவர் உறவோடு அடுத்தடுத்து எழுதி, மூன்றாம் ஆள் கிடைக்கும்வரை பென்சிலிலேயே விட்டுவையுங்கள்.